கடலைத் தாண்டினால் போதுமா? குந்துகாலில் நின்று ஒரு படையெடுப்பை எடைபோடுவது

பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் பிரிகிற சாலை குந்துகாலில் போய் முடிகிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. போன மார்கழியில் என் அக்கா மகனை அங்கே கூட்டிப்போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கடலையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: “மாமா, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் முப்பது கிலோமீட்டர்தானே? பழைய ராஜாக்கள் ராத்திரி கிளம்பி விடியறதுக்குள்ள படையை இறக்கியிருக்கலாமே? அதுல என்ன கஷ்டம்?”

வரைபடத்தை மட்டும் பார்க்கிற எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்குப் பதில் அவன் காலடியிலேயே இருந்தது. ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலிருந்து வந்த ஒரு படை இந்தக் குந்துகாலில்தான் கோட்டை கட்டியது. கடலைத் தாண்டியது, கரையேறியது, ராமேசுவரத்தைப் பிடித்தது, மதுரை அரியணையில் தன் ஆளை உட்கார வைத்தது. அந்தப் படையின் தளபதி தலையைக் கடைசியில் மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தார்கள்.

கடல்வழிப் படையெடுப்பில் எவ்வளவு ஆபத்து, அது எப்படி முடியும் என்று முன்கூட்டியே எடைபோட முடியுமா? ஓரளவுக்கு முடியும். ராணுவக் கல்லூரி விஷயம்போல இருந்தாலும் அடிப்படை எளிதுதான். நம் கரையில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் படகை அவிழ்ப்பதற்கு முன் மனசுக்குள் போடுகிற கணக்கு அது. அளவுதான் பெரிது.

ஐந்து கண்ணிச் சங்கிலி

படையெடுப்பை ஒரே காரியமாகப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். அது ஒரு சங்கிலி. ஆளையும் குதிரையையும் சாமானையும் கப்பலேற்ற வேண்டும். கடலைக் கடக்க வேண்டும். எதிரி நிற்கிற கரையில் இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்புறம் உள்நாட்டுக்குள் நகர்ந்து, வந்த காரியத்தை முடிக்க வேண்டும்.

இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு எண்பது தேறும் என்று வைத்துக்கொள்வோம். எண்பது என்றால் யாரும் தைரியமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேறினால்தான் வெற்றி. அதனால் பெருக்க வேண்டும். இரண்டு கட்டம் தாண்டும்போது 64, மூன்றுக்கு 51, நான்குக்கு 41, ஐந்தாவது முடியும்போது 33. எண்பது எண்பதாகப் பார்த்து நம்பியவனுக்குக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் மிச்சம். மருமகன் செல்போனில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பாக அழுத்திவிட்டோமோ என்று மறுபடியும் போட்டான்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. எண்பது என்பது ஊகம். கண்ணிகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடப்பவை அல்ல. ஒரே புயல் கப்பலையும் கவிழ்க்கும், கரையில் நிற்பவனுக்கு வரவேண்டிய அரிசியையும் நிறுத்தும். இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. எந்தக் கண்ணி நோஞ்சான் என்று தெரிந்துவிடும். தரைப்படையெடுப்பில் ஒரு கண்ணி அறுந்தால் பின்வாங்கி நடக்கலாம். கடலில் வந்தவனுக்குப் பின்னால் இருப்பது தண்ணீர்.

காற்றும் பருவமும்

ராமேசுவரத்தில் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பொதுவாக அடக்கமானது. மன்னார் வளைகுடா ஆழமும் சீற்றமும் கொண்டது. ஆனால் இந்தக் குணமும் காற்றைப் பொறுத்தது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே போக முடியாது. வாடை எழுந்தால் பெண் கடலும் சும்மா இருக்காது. அந்தக் காலத்தில் காற்று மாறியதும் தெற்குக் கரையிலிருந்து வலையையும் குடிசையையும் வடக்குக் கரைக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் தனுஷ்கோடிப் பக்கம் உண்டு. எந்த மாதம், எந்தப் பக்கம் என்று கேட்காமல் முப்பது கிலோமீட்டர் என்று மட்டும் சொன்னால், அந்த முப்பதுக்கு அர்த்தமே இல்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி புயலில் அழிந்துபோனதை நினைத்துப் பார்த்தால் போதும்.

1281ல் மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் மிகப்பெரிய கப்பற்படை ஜப்பான் கரையில் சூறாவளியில் சிக்கிச் சிதைந்தது. 1944ல், இரண்டாம் உலகப்போரில், பிரான்சின் நார்மண்டியில் இறங்க நேச நாடுகள் குறித்த நாள் ஜூன் 5. காற்று மோசமாக இருந்ததால் தலைமைத் தளபதி ஐசனோவர் ஒரு நாள் தள்ளிப்போட்டார். வானிலைக்காரர்கள் சின்ன இடைவெளி ஒன்று தெரிகிறது என்றதும் 6ஆம் தேதி துணிந்து இறங்கினார்கள். அதையும் விட்டிருந்தால் ஓதமும் (கடல்நீர் ஏறி இறங்குவது) விடியலும் மறுபடி ஒத்துவர ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தத் தேதியை ஒட்டி, ஜூன் 19ல், பெரும்புயல் அடித்தது. அமெரிக்கர்கள் கரையில் கட்டியிருந்த செயற்கைத் துறைமுகமே அதில் உடைந்துபோனது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகைக் கட்டிவைப்பது நமக்குப் பழக்கம். படைத்தலைவனுக்கோ தள்ளிப்போடுவதும் ஆபத்து. ரகசியம் கசியும், கப்பலில் அடைபட்ட ஆட்கள் சோர்வார்கள், எதிரி கரையைப் பலப்படுத்துவான். இரண்டு ஆபத்துகளையும் பக்கத்தில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

கடைசி முந்நூறு மீட்டர்

என்னைக் கேட்டால், மொத்தச் சங்கிலியிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். புத்தகங்களில் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கரையில் நின்று பாருங்கள். படகுகள் கரையில் வந்து முட்டுவதில்லை. தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் இடுப்பளவு, முழங்காலளவு தண்ணீரில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள்தான். கரையை ஒட்டித் தரை தட்டுபோலக் கிடக்கிறது. தெற்கே மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். இரவில் பார் தெரியாமல் ஏறினால் படகின் அடி கிழிந்துவிடும்.

ஒரு கணக்கு. 200 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர்தான் ஆழம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தண்ணீர் வேண்டிய படகு கரைக்கு 200 மீட்டர் முன்னாலேயே தட்டி நின்றுவிடும். நீர் அரை மீட்டர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால், தண்ணீரின் விளிம்பே இன்னும் 100 மீட்டர் பின்னால் போயிருக்கும். ஆக 200 மீட்டர் தண்ணீரிலும் 100 மீட்டர் ஈரச் சேற்றிலும் நடக்க வேண்டும். ஆயுதமும் மூட்டையும் சுமந்து நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் ஒளிய ஒரு புதர் கிடையாது. ஓடவும் முடியாது. எதிரி கரையில் உட்கார்ந்து குறிபார்க்கலாம்.

1943 நவம்பரில் பசிபிக் கடலில் தராவா தீவில் நடந்தது இதுவேதான். அமெரிக்கத் தரையிறங்கு படகுகளுக்கு ஏறக்குறைய நான்கடி தண்ணீர் வேண்டும். அன்றைக்கு ஓதம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. பவளப்பாரின் மேல் மூன்றடி அளவில்தான் தண்ணீர். படகுகள் பாரில் தட்டி நின்றன. கரைக்கு இன்னும் நானூற்றைம்பது மீட்டருக்குக் கிட்ட இருந்தது. வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். 76 மணி நேரச் சண்டையில் தீவைப் பிடித்தார்கள். ஆனால் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்கள் செத்தார்கள். ஓரடித் தண்ணீர் குறைந்ததில் வந்த வினை. அதன்பிறகு பாரின் மேலேயே ஏறி ஊர்ந்து வரக்கூடிய சங்கிலிச் சக்கர வண்டிகளை அதிகமாகக் கொண்டுபோனார்கள், ஓதத்தையும் கடலடியையும் முன்கூட்டியே அளக்கத் தொடங்கினார்கள்.

குந்துகாலுக்கு வந்த படை இதை எப்படிச் சமாளித்தது? இலங்கையின் பாலி மொழி வரலாறான சூளவம்சம் சொல்கிறது: தளபதி இலங்காபுரன் மன்னார்ப் பக்கத்துத் துறையான மாதோட்டத்திலிருந்து கிளம்பி ஒரு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து பாண்டிக் கரையைக் கண்டான். கரையில் தமிழ்ப்படை காத்து நின்றது. பெரிய கப்பல்கள் ஆழத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அங்கேயே குதித்தால் கவசம் நனைந்துவிடும். அதனால் ஆட்களை நூற்றுக்கணக்கான தோணிகளுக்கு மாற்றினான். கரையிலிருந்து அம்பு மழையாக வந்தபோது தோலால் செய்த கேடயங்களை முன்னே நிறுத்தி மறைத்துக்கொண்டு கரையேறினான். தராவாவுக்குக் கிட்டத்தட்ட எட்டு நூற்றாண்டுக்கு முன்னால், கடைசி முந்நூறு மீட்டருக்கு என்று தனியாகத் தோணியும் தனியாகக் கேடயமும் கொண்டுவந்திருக்கிறான். அந்தக் கண்ணியை அவன் நன்றாகவே எடைபோட்டிருந்தான்.

தண்ணியில்லாக் காட்டில் பத்தாயிரம் பேர்

கரையேறிவிட்டார்கள், சரி. நாளைக் காலையில் என்ன குடிப்பார்கள்?

பத்தாயிரம் பேர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும் 40,000 லிட்டர். நம் ஊர்த் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரியில் மூன்றுக்கு மேல், தினமும். அரிசி ஆளுக்கு முக்கால் கிலோ என்றால் 7,500 கிலோ. 75 கிலோ மூட்டையில் நூறு மூட்டை. குதிரை இருந்தால் அது குடிப்பது தனிக் கணக்கு. ராமநாதபுரத்துக்கு வேலை மாற்றல் என்றாலே ‘தண்ணியில்லாக் காடு’ என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது நமக்குத் தெரியும். இந்தச் சீமையில் ஊருணி எங்கே, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று தெரியாதவன் இரண்டாம் நாளே திணறுவான். அதற்கும் மேல், இங்குள்ளவர்கள் கிணற்றைத் தூர்த்துவிட்டு விலகிப் போனால் ஒரு அம்பும் விட வேண்டியதில்லை.

இலங்காபுரனை அனுப்பிய இலங்கை மன்னர் பராக்கிரமபாகு இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பர்மாவுக்கு ஒரு கப்பற்படை அனுப்பினார். அதற்கு ஏற்றிய சாமான்களின் பட்டியல் சூளவம்சத்திலேயே இருக்கிறது. ஓராண்டுக்கான உணவு. யானைகளைத் தடுக்கத் தனியாக இரும்பு முனை அம்புகள். நச்சு அம்புக் காயத்துக்கு மருந்து, மாட்டுக்கொம்புகளில் அடைத்து. சதுப்பு நிலத்துக் கெட்ட தண்ணீரைக் குடித்துவிட்டால் அதற்கு மாற்று. உடம்பில் தைத்து முறிந்த அம்புமுனையைப் பிடுங்க இரும்புக் குறடு. வைத்தியர்கள், பணிவிடைக்குப் பெண்கள். இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு சாமானும் ‘இது நடந்தால் என்ன செய்வது’ என்ற கேள்விக்குப் பதிலாக ஏறியிருக்கிறது. ஆபத்தை எடைபோடுவது என்றால் என்ன என்று கேட்கிறவருக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் குறடைத்தான். இவ்வளவு செய்தும் வழியில் புயல் அடித்துக் கப்பல்கள் சிதறின, சிலதான் பர்மாக் கரையைத் தொட்டன.

முக்கியமான எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றுவது இன்னொரு தவறு. 1982ல் பிரிட்டன் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் போனது. மே 25 அன்று ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற சரக்குக் கப்பலை அர்ஜென்டினா ஏவுகணை தாக்கியது. ஆட்களையும் பீரங்கியையும் தூக்கிச்செல்ல வைத்திருந்த பெரிய ஹெலிகாப்டர்களில் மூன்று அதோடு போயின. படை ஊர்திக்குப் பதிலாகக் காலை நம்பியது. பனியிலும் சேற்றிலும் மூட்டை சுமந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்துதான் தலைநகரை அடைந்தார்கள். வென்றார்கள், ஆனால் ஒரே ஒரு கப்பல் எவ்வளவு பெரிய கண்ணியாக இருந்தது என்று அது மூழ்கிய பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

கரையில் காத்திருக்கும் நண்பன்

அந்நியக் கரைக்குப் போகிறவன் அங்கே ஒரு துணை இருக்கிறது என்று நம்பித்தான் பெரும்பாலும் போகிறான். பராக்கிரமபாகுவும் அப்படித்தான். மதுரையில் பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். பராக்கிரம பாண்டியன் இலங்கையிடம் உதவி கேட்டான். படை திரண்டு கிளம்புவதற்குள் அவனைக் குலசேகரன் கொன்றுவிட்டான். யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவனே இல்லை. அந்த நேரத்தில் திரும்பியிருக்கலாம். செத்தவனின் மகன் வீரபாண்டியனுக்கு அரியணை என்று குறிக்கோளை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சின்னதாகத் தொடங்கிய வேலை பெரிதாகிக்கொண்டே போனது இங்கிருந்துதான்.

1588ல் ஸ்பெயினின் 130 கப்பல்கள் இங்கிலாந்தை நோக்கிப் போனதும் கரையில் காத்திருக்கும் ஒரு படையை நம்பித்தான். நெதர்லாந்துப் பக்கம் நின்ற ஸ்பெயின் தளபதி பார்மா கோமகனின் படையை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடப்பது திட்டம். அந்தக் கரையில் பெரிய கப்பல் வந்து நிற்க ஆழமான துறை இல்லை. ஆழமில்லாத நீரில் டச்சுக்காரர்களின் சிறு கப்பல்கள் மறித்து நின்றன. இரண்டு படையும் சந்திக்கவே இல்லை. நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. இலங்கையில் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னேக்கு உதவப் புறப்பட்ட கோழிக்கோட்டு சாமூதிரியின் மரைக்காயர் கப்பற்படையை மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1538ல் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். கடலைத் தாண்டுவதற்கு முன்பே கதை முடிந்தது.

‘திரும்பு’ என்று யார் சொல்வது

மனிதர்களின் மனசையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கி.மு. 415ல் ஏதென்சு நகரம் சிசிலிக்குப் படை அனுப்ப யோசித்தது. நிக்கியாசு என்ற தளபதிக்கு இஷ்டமில்லை. மிகப் பெரிய படை வேண்டும், ஏகப்பட்ட செலவாகும் என்று சபையில் பயமுறுத்திப் பார்த்தார். சபையோ, அப்படியானால் அவ்வளவையும் தருகிறோம் என்றது. தோற்றால் தாங்கக்கூடிய முயற்சி, தோற்றால் நகரமே தாங்காத முயற்சியாக ஆனது. இரண்டு ஆண்டு கழித்துப் பின்வாங்க முடிவுசெய்த இரவில் சந்திரகிரகணம் வந்தது. சோதிடர்கள் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், பொறுக்கச் சொன்னார்கள். நிக்கியாசு பொறுத்தார். அதற்குள் சிராகூசு நகரத்தார் துறைமுக வாயை அடைத்துவிட்டார்கள். பிடிபட்டவர்களில் ஏழாயிரம் பேர் கல்குவாரிகளில் அடைபட்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் பாதி டீசல் தீர்ந்ததும் மீன் பட்டாலும் படாவிட்டாலும் படகைத் திருப்புவார்கள். மீதி பாதி வீடு திரும்ப. படையெடுப்புக்கும் அப்படி ஒரு கோடு கிளம்புவதற்கு முன்பே போட்டு வைக்க வேண்டும்: இத்தனை கப்பல் போனால், இத்தனாம் தேதிக்குள் இந்த ஊர் விழாவிட்டால், திரும்புவோம் என்று. கரையில் இரத்தம் சிந்திய பிறகு அந்தக் கோட்டைப் போட யாருக்கும் மனசு வராது. நார்மண்டிக்குக் கிளம்பும் முன் ஐசனோவர் ஒரு சிறு குறிப்பு எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். தரையிறக்கம் தோற்றது, படையை விலக்கிக்கொண்டேன், பழி என்னுடையது மட்டும் என்பது சாரம். தோல்வியை முன்கூட்டியே எழுதிப் பார்க்கத் தைரியம் இருந்தவரால்தான் தைரியமாகக் கிளம்பவும் முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

முடிவை அளப்பது

வென்றார்களா தோற்றார்களா என்பதைச் சண்டை முடிந்த அன்றைக்குக் கேட்டால் ஒரு பதில், பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் வேறு பதில். நான் மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன். எதற்குப் போனார்கள்? என்ன செலவானது? பத்து ஆண்டுக்குப் பிறகு அதில் எது மிஞ்சியது?

1025ல் முதலாம் ராசேந்திரன் ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ கடாரத்து அரசனை வென்றான் என்கிறது அவனுடைய மெய்க்கீர்த்தி. அங்கே தங்கி ஆளவில்லை. பொருளும் புகழும் எடுத்துக்கொண்டு திரும்பினான். தங்காததால் தண்ணீர்க் கணக்கும் அரிசிக் கணக்கும் சீக்கிரம் முடிந்தன. குறிக்கோள் சிறிதாக இருந்தால் சங்கிலியும் குட்டையாகிவிடும்.

குந்துகால் படை தங்க நினைத்தது. பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்து மூன்று சுற்று மதிலும் அகழியுமாகக் கோட்டை எழுப்பினார்கள் என்கிறது இலங்கை நூல். அடுத்தடுத்து வென்று வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தியதையும், வெற்றியைக் கொண்டாட ஒரு ஊருக்கே பாண்டுவிஜயகம் என்று பேர் வைத்ததையும் சொல்லி, அத்தோடு கதையை முடித்துக்கொள்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால் வேறு முடிவு. குலசேகரனுக்குத் துணையாகப் படை அனுப்பிய இரண்டாம் ராசாதிராச சோழனின் படைத்தலைவர் பல்லவராயர் ஈழப்படையை அழித்ததும், இலங்காபுரன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரை வாசலில் தைத்ததும் அதில்தான் இருக்கிறது. இரண்டு தரப்பும் தான் வென்ற இடத்தில் பேனாவை நிறுத்திக்கொள்கிறது. காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கத்தில் இன்னொரு கல்வெட்டு. ஈழப்படைக்குப் பயந்து, அது அழியவேண்டும் என்று சிவாச்சாரியார் ஒருவரை வேண்டிப் பூசை செய்வித்ததைச் சொல்கிறது. அவ்வளவு தூரத்துக்குப் பயம் பரவியிருந்தது என்பதும் முடிவின் ஒரு பகுதிதான்.

அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். பராக்கிரமபாகு மறுபடி ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் கப்பல் கட்டுகிறார் என்று சோழர்களுக்குத் தெரிந்தது. கப்பல் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல் அந்தத் துறைகளையே போய் அழிக்கச் செய்தார்கள். சங்கிலியின் முதல் கண்ணியிலேயே கைவைத்தார்கள். அடுத்து, சோழர் அமர்த்திய குலசேகரன் இலங்கைப் பக்கம் சாய்ந்தான். சோழர்கள் அவனை விரட்டிவிட்டு வீரபாண்டியனையே அரியணை ஏற்றினார்கள். இலங்கை இத்தனை உயிரைக் கொடுத்து உட்கார வைக்க நினைத்த அதே ஆள், சோழனுக்குக் கடன்பட்டு உட்கார்ந்தான். மருமகனிடம் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “அப்போ யாரு மாமா ஜெயிச்சது?” என்றான். மூன்று கேள்வியையும் அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். சோழனுக்கு என்ன மிஞ்சியது என்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றான். ஏறக்குறைய நூறு ஆண்டில் பாண்டியர் எழுந்து சோழ அரசே இல்லாமல் போனதைச் சொன்னேன்.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினோம். வண்டியில் வரும்போது இன்னொன்றும் சொன்னேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியரின் தளபதி ஆரியச் சக்கரவர்த்தி இலங்கைக்குப் போய் கோட்டை நகரான யாப்பகூவாவைப் பிடித்து, புத்தரின் பல் என்று அவர்கள் போற்றுகிற புனிதப் பொருளை மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டான். இலங்கை அரசனுக்கு அது அரசுரிமைக்கே அடையாளம். மூன்றாம் பராக்கிரமபாகு அதை மீட்கப் படை அனுப்பவில்லை. சில வீரர்களோடு தானே பாண்டியன் அவைக்கு வந்தான். நாள்தோறும் உட்கார்ந்து பேசினான். பல்லை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான்.